குறட்டையும் நித்திரை மூச்சுத் தடையும்: வெட்கத்தை விட்டுக் கதைப்போம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னர் பேசியவர்கள் இருதய நோய், நீரிழிவு, மார்பகப் புற்றுநோய் என்று பெரிய விடயங்களைப் பேசினார்கள். எனக்குக் கிடைத்திருப்பது குறட்டை. தலைப்பு வாசிக்கப்பட்டதும் மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

குறட்டை என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவன் கும்பகர்ணன். அடுத்து நினைவுக்கு வருபவர் கணவர். மூன்றாவதாகக்கூட நாங்கள் எங்களை நினைப்பதில்லை. ஆணின் குறட்டை வீட்டில் பகிடி. பெண்ணின் குறட்டை வெட்கம். கணவரை அழைத்து வந்து, "டொக்டர், இவருடைய சத்தத்தில் ஒருவரும் நித்திரை கொள்ள முடியவில்லை" என்று முறையிடும் பெண்கள் பலர். "எனக்குக் குறட்டை இருக்கிறது" என்று தானாகச் சொல்லிக்கொண்டு வரும் பெண்கள் மிகச் சிலர். சத்தம் கேட்டுவிடும் என்ற பயத்தில் கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் விடியும்வரை கண் மூடாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே அறையில் மற்றவர்களுடன் படுக்கவேண்டி வரும் என்று சுற்றுலாவுக்கே வர மறுப்பவர்கள் இருக்கிறார்கள். நான் இன்று சொல்ல வந்த செய்தி இதுதான்: அந்த வெட்கம் எங்களுக்கு ஒரு நோயை மறைத்து வைக்கிறது. அது நல்ல சிகிச்சை உள்ள நோய்.

முதலில் குறட்டை எப்படி வருகிறது என்று பார்ப்போம். மூக்குக்குப் பின்னாலிருந்து குரல்வளை வரை உள்ள தொண்டைப் பகுதியைத் திறந்து வைத்திருக்க எலும்புச் சட்டகம் இல்லை. சுற்றியுள்ள தசைகள்தான் அதை விரித்துப் பிடிக்கின்றன. நித்திரையில் உடம்பின் எல்லாத் தசைகளும் தளர்வதுபோல இவையும் தளர்கின்றன. வழி ஒடுங்குகிறது. ஒடுங்கிய வழியால் காற்று விரைந்து போகும்போது மென்னண்ணமும் உள்நாக்கும் அதிர்கின்றன. அந்த அதிர்வுதான் குறட்டை.

குறட்டை விடும் எல்லோரும் நோயாளிகள் அல்லர். தடிமன் பிடித்த நாளில், களைத்துப் படுத்த நாளில் எவருக்கும் வரலாம். ஆனால் சிலருக்கு வழி ஒடுங்குவதோடு நிற்பதில்லை, முற்றாக மூடிக்கொள்கிறது. நெஞ்சும் வயிறும் மூச்செடுக்க எத்தனிக்கின்றன. காற்று உள்ளே போவதில்லை. குருதியில் ஒட்சிசன் இறங்குகிறது. ஆபத்தை உணர்ந்த மூளை ஒரு கணம் விழித்துத் தசைகளை உசுப்புகிறது. திணறலோடு வழி திறக்கிறது, மறுபடி குறட்டை. படுத்திருப்பவருக்கு இதில் ஒன்றும் நினைவிருக்காது. பக்கத்தில் கிடப்பவர்தான் அந்த மௌனத்தையும் பிறகு வரும் திணறலையும் கேட்பார். இதைத்தான் நித்திரை மூச்சுத் தடை என்கிறோம்.

பத்து வினாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால் அதை ஒரு தடை என்று கணக்கிடுகிறார்கள். மூச்சு முற்றாக நில்லாமல் வெகுவாகக் குறைந்து போகும் தடவைகளும் இதில் சேரும். வளர்ந்தவர்களில் மணித்தியாலத்துக்கு 5 முதல் 15 தடவை என்றால் இலேசானது. 15 முதல் 30 என்றால் நடுத்தரம். 30க்கு மேல் என்றால் கடுமையானது. 30 என்றால் என்ன பொருள்? இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ உங்களைத் தட்டி எழுப்புவதற்குச் சமம். எட்டு மணித்தியாலம் படுத்தும் காலையில் அடித்துப் போட்டதுபோல எழும்புவது ஏன் என்று இப்போது விளங்கும்.

இது ஆண்களின் நோய் என்றுதான் நீண்டகாலம் கருதப்பட்டது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 30 முதல் 60 வயது வரையான அரச உத்தியோகத்தர்களை நித்திரையில் வைத்துப் பரிசோதித்த ஆய்வு 1993 இல் வெளியானது. மணித்தியாலத்துக்கு ஐந்து தடவைக்கு மேற்பட்ட மூச்சுத் தடை ஆண்களில் 100க்கு 24 பேருக்கும், பெண்களில் 100க்கு 9 பேருக்கும் இருந்தது. அதே ஆய்வுக் குழுவினர் 1997 இல் இன்னொரு கணக்கைத் தந்தார்கள். நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத் தடை இருந்த பெண்களில் 100க்கு 93 பேருக்கு அந்த நோய் அதுவரை கண்டறியப்படவே இல்லை.

ஏன் கண்டறியப்படுவதில்லை? வெட்கம் ஒரு காரணம். இரண்டாவது, பெண்களில் அறிகுறிகள் வேறு மாதிரி வருவது. ஆண் ஒருவர் பகலில் கதிரையில் இருந்தபடியே தூங்கி விழுவார், எல்லோரும் காண்பார்கள். பெண் சொல்வது வேறு: "இரவில் நித்திரை வருவதில்லை, இடையிடையே முழிப்பு, காலையில் தலையிடி, எந்நேரமும் களைப்பு, மனம் சரியில்லை, ஞாபகம் குறைகிறது." இதைக் கேட்பவர்கள் வயது என்பார்கள், மாதவிடாய் நிற்கும் காலம் என்பார்கள், மனச்சோர்வு என்பார்கள். நித்திரைக் குளிசை கொடுபட்டுவிடுகிறது. டயசிபாம் போன்ற குளிசைகள் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தலாம். மூளை விழித்துக்கொள்வதையும் தாமதப்படுத்தலாம். மூச்சுத் தடை உள்ளவருக்கு அது பாதுகாப்பான மருந்து அல்ல.

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களில் இந்த நோய் இரண்டு மூன்று மடங்காகக் கூடுகிறது. புரொஜெஸ்ரரோன் என்ற ஓமோன் மூச்சைத் தூண்டி வந்தது, அது குறைகிறது. உடம்பில் கொழுப்புச் சேரும் இடமும் மாறுகிறது. தைரொயிட் குறைபாடு உள்ளவர்களுக்கும், சூலகத்தில் சிறு கட்டிகள் பல காணப்படும் பிரச்சினை உள்ள இளம் பெண்களுக்கும் ஆபத்து கூட. கர்ப்ப காலத்தின் கடைசி மாதங்களில் புதிதாகக் குறட்டை தொடங்கினால் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்; உயர் குருதியமுக்கத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு. மெலிந்தவர்களுக்கு வராது என்றும் நினைக்க வேண்டாம். தாடை சிறிதாக, உள்ளே ஒதுங்கியிருந்தால் உடற்பருமன் இல்லாமலே வரும்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? இரவு முழுவதும் ஒட்சிசன் இறங்கி ஏறுவதால் குருதியமுக்கம் உயர்கிறது. மூன்று வகைக் குளிசை எடுத்தும் பிரசர் இறங்காதவர்களில் இந்த நோயைத் தேடிப் பார்க்க வேண்டும். இருதயத் துடிப்பு ஒழுங்கீனம், பக்கவாதம், நீரிழிவு ஆகியவற்றோடும் தொடர்பு உண்டு. இரவில் இரண்டு மூன்று தரம் சலம் கழிக்க எழும்புவதும் இதனால் வரலாம். வாகனம் ஓட்டுபவரானால் சாலையில் மற்றவர்களின் உயிரும் சேர்ந்து ஆபத்துக்குள்ளாகிறது. உங்கள் வீட்டில் பஸ் சாரதி, லொறிச் சாரதி யாரும் இருந்தால் இதை அவருக்குச் சொல்லுங்கள்.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். சிகிச்சைக்கு முன் ஒரு படி இருக்கிறது: பரிசோதனை. பலர் அதைத் தாண்டி நேரே மருந்தைத் தேடுகிறார்கள். எந்த அளவு தடை, எதனால் தடை என்று தெரியாமல் சிகிச்சையைத் தெரிவு செய்ய முடியாது. எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு வினாப்பட்டியல் உலகெங்கும் பயன்படுகிறது. சத்தமான குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதை மற்றவர் கண்டது, உயர் குருதியமுக்கம், மிகையான உடற்பருமன், 50க்கு மேற்பட்ட வயது, பருத்த கழுத்து, ஆணாக இருத்தல். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி; மூன்றும் அதற்கு மேலும் என்றால் பரிசோதனை வேண்டும். கடைசிக் கேள்வியைக் கவனித்தீர்களா? நாங்கள் ஒரு புள்ளி குறைவாகவே தொடங்குகிறோம். ஆகவே புள்ளி இரண்டுதான் என்றாலும், அறிகுறி இருந்தால் வைத்தியரிடம் போங்கள்.

முதலில் உங்கள் குடும்ப வைத்தியரிடமோ, நீங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்கிலோ சொல்லுங்கள். அவர் சுவாசநோய் நிபுணரிடமோ காது மூக்குத் தொண்டை நிபுணரிடமோ கடிதம் தருவார். முழுமையான பரிசோதனை ஓர் இரவு வைத்தியசாலையில் தங்கிச் செய்வது. மூளை அலை, மூச்சு, ஒட்சிசன், இருதயத் துடிப்பு எல்லாம் பதிவாகும். வலி இல்லை, ஊசி இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிக்கொண்டு படுக்கும் சிறிய கருவிகளும் உண்டு.

சிகிச்சையின் முதல் வரிசை எல்லோருக்கும் பொதுவானது. சிலருக்கு மல்லாந்து படுக்கும்போதுதான் தடை வருகிறது. அவர்கள் சரிந்து படுத்தாலே பெரும் பகுதி தீரும். இரவு உடுப்பின் முதுகுப் பக்கத்தில் ஒரு பை தைத்து அதற்குள் பந்தொன்றை வைத்தால் மல்லாக்கத் திரும்ப முடியாது. மூக்கடைப்பு இருந்தால் அதற்கு மருந்து எடுக்க வேண்டும். தைரொயிட்டைப் பரிசோதிக்க வேண்டும். வீட்டு ஆண்களுக்கு: படுக்கப் போகுமுன் மதுபானம் கூடாது. நிறை கூடியவர்கள் நிறையைக் குறைக்க வேண்டும். உடல் நிறையில் பத்து வீதம் குறைந்தால் மூச்சுத் தடையின் எண்ணிக்கை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவதாக விஸ்கொன்சின் ஆய்வில் கண்டார்கள். 70 கிலோ உள்ளவருக்கு அது 7 கிலோ. ரைசெபரைட் என்ற வாராந்த ஊசி மருந்தை, உடற்பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத் தடை உள்ளவர்களுக்கென 2024 டிசெம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. நிறையைக் குறைப்பதன் மூலமே அது பெரிதும் உதவுகிறது. விலை கூடிய மருந்து. வைத்தியரின் கண்காணிப்பு இல்லாமல் தொடக்கூடாது.

இரண்டாவது, நடுத்தர, கடுமையான நோய்க்கு இன்றும் முதன்மையான சிகிச்சை: சீபாப் இயந்திரம். முன்பு கடுமையான நோய்க்கு நம்பிக்கையான ஒரே வழி கழுத்தில் துளையிடுவதாக இருந்தது. 1981 இல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் ஐந்து நோயாளிகளுக்கு மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டை மூடாமல் பிடிக்கலாம் என்று காட்டினார்கள். இது ஒட்சிசன் கொடுக்கும் இயந்திரம் அல்ல. அறையில் உள்ள காற்றையே ஊதுகிறது. உள்ளே ஊதிப் பிடித்த பலூனின் சுவர் ஒட்டாததுபோலத் தொண்டையின் சுவர்களும் ஒட்டாமல் நிற்கின்றன. பொருத்தமான அழுத்தம் கிடைத்த முதல் இரவிலேயே குறட்டை நின்றுவிடும்.

பிரச்சினை, பலர் அதைத் தொடர்வதில்லை. முகமூடியைக் கண்டு பயம், கணவர் பார்ப்பாரே என்ற கூச்சம், மூக்கு வரட்சி, காற்றுக் கசிவு. இவை எல்லாவற்றுக்கும் வழி உண்டு. முதலில் பகலில், தொலைக்காட்சி பார்த்தபடி ஒரு மணித்தியாலம் போட்டுப் பழகுங்கள். முகமூடிகள் பல அளவிலும் வடிவத்திலும் உண்டு. ஒன்று பொருந்தாவிட்டால் இன்னொன்றைக் கேளுங்கள். வரட்சிக்கு ஈரப்பதனூட்டும் பகுதி இருக்கிறது. அதற்குக் காய்ச்சி வடித்த நீரைத்தான் விட வேண்டும். எங்கள் யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் எவ்வளவு சுண்ணாம்பு படியவிடும் என்று உங்களுக்குத் தெரியும். கொதிக்க வைத்து ஆறவிட்டாலும் அந்தச் சுண்ணாம்பு முழுவதும் போய்விடாது. மின்வெட்டுப் பற்றியும் கேட்பார்கள். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம். மின்சாரம் நின்றால் இயந்திரம் நிற்கும், அவ்வளவுதான். முகமூடியில் காற்றுப் போகும் துளை இருப்பதால் மூச்சு முட்டி இறந்துவிட மாட்டீர்கள். மின்கலத்தோடு இயங்கும் வசதியும் உண்டு.

இயந்திரத்தைப் பெட்டியில் வைத்தால் பயனில்லை. 2016 இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஏற்கனவே இருதய நோயோ மூளைக் குருதிக்குழாய் நோயோ இருந்தவர்களுக்கு இது கொடுக்கப்பட்டது. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணித்தியாலமே பாவித்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலையும் வாழ்க்கைத் தரமும் உயர்ந்தன. ஆகவே இதைப் பாவிப்பவர் இருதய மருந்துகளை நிறுத்தக்கூடாது. நித்திரை கொள்ளும் நேரம் முழுவதும் போட்டிருக்கவும் வேண்டும்.

இன்னொரு விடயம். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் தாம் பாவித்த இயந்திரத்தை அன்பாக அனுப்பி வைப்பார்கள். அதில் உள்ள அழுத்தம் அவருக்காக வைத்தது. உங்கள் வைத்தியர் பார்த்து மாற்ற வேண்டும். முகமூடியும் குழாயும் புதிதாக இருக்க வேண்டும். 2021 இல் உலகின் பெரிய தயாரிப்பு நிறுவனமொன்று, இரைச்சலைக் குறைக்க உள்ளே வைத்த பஞ்சு சிதைவதாகக் கூறித் தனது இயந்திரங்கள் பலவற்றை மீளப் பெற்றது. வருகின்ற இயந்திரம் அந்தப் பட்டியலில் உள்ளதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, வாய்க்குள் வைக்கும் கருவி. பல் வைத்தியர் உங்கள் பல்லுக்கு அளவெடுத்துச் செய்வது. கீழ்த்தாடையைச் சற்று முன்னே இழுத்துப் பிடிக்கிறது. நாக்கும் கூடவே முன்னே வர வழி திறக்கிறது. குறட்டைக்கும் இலேசான, நடுத்தர நோய்க்கும் நல்லது. சீபாப் ஒத்துவராதவர்களுக்கும் உதவும். உறுதியான பற்கள் போதியளவு இருக்க வேண்டும். முழுப் பற்தொகுதி கட்டியவர்களுக்குப் பொருந்தாது.

நான்காவது, சத்திரசிகிச்சை. அடைக்கும் இடம் தெளிவாகத் தெரிந்தால் அது பயன்தரும்: பருத்த டொன்சில், வளைந்த மூக்குச் சுவர், மிகச் சிறிய தாடை. நாக்கின் நரம்பைத் தூண்டும் சிறு கருவியை நெஞ்சுத் தோலின் கீழ் வைக்கும் முறையை 2014 இல் அமெரிக்கா அனுமதித்தது. அது எல்லா நாடுகளிலும் எளிதில் கிடைப்பதில்லை. ஒரு எச்சரிக்கை: உள்நாக்கையும் மென்னண்ணத்தையும் இறுக்கிச் சத்தத்தை மட்டும் நிறுத்தும் சிகிச்சைகள் உண்டு. மூச்சுத் தடை இருக்கிறதா என்று பார்க்காமல் அவற்றைச் செய்தால், சத்தம் நிற்கும், நோய் நிற்காது. அதன் பிறகு அதைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளமும் மிஞ்சாது.

ஐந்தாவது, பயிற்சிகள். நாக்கு, தொண்டைத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சிகள் இலேசான நோயில் உதவுகின்றன. அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளின் நீண்ட ஊதுகுழலை வாசிக்கப் பழகியவர்களுக்கு நோய் குறைந்ததாக 2006 இல் ஒரு சிறிய ஆய்வு வெளிவந்தது. பின்னர் இந்தியாவில் ஜெய்ப்பூரில் சங்கு ஊதவைத்து அதுபோன்ற ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். அங்கும் பகல் தூக்கம் குறைந்தது. சங்கு ஊதுவதென்றதும் சிரிக்கிறீர்கள். எங்களிடம் அதற்கு வேறு பொருளும் உண்டல்லவா! இவை சிறிய ஆய்வுகள். கடுமையான நோய் உள்ளவர் சீபாப்பை விட்டுவிட்டுச் சங்கை எடுக்கக்கூடாது.

இணையத்தில் விற்கும் மூக்குப் பட்டி, தாடைப் பட்டி, தலையணை என்பவற்றுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். இரவில் வாயில் ரேப் ஒட்டும் பழக்கமும் பரவி வருகிறது. மூக்கடைப்பு உள்ளவருக்கு அது ஆபத்து.

அம்மம்மாக்களுக்கும் அப்பம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. பேரப்பிள்ளை குறட்டை விட்டால் "பிள்ளை அயர்ந்து நித்திரை" என்று மகிழாதீர்கள். வாயைத் திறந்தபடி படுக்கிறதா, வியர்க்கிறதா, படுக்கையை நனைக்கிறதா, வகுப்பில் கவனம் இல்லையா என்று பாருங்கள். பிள்ளைகளில் பெரும்பாலும் காரணம் டொன்சிலும், மூக்கின் பின்புறமுள்ள அடினொயிட் சதையும்தான். அவற்றை அகற்றியதும் அநேக பிள்ளைகள் தேறிவிடுவார்கள். குழப்படி என்றும் மந்தம் என்றும் பெயரெடுத்த பிள்ளைக்கு உண்மையில் நித்திரை போதாமல் இருக்கலாம். இங்கு ஆசிரியைகள் பலர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வேறு எந்தச் சத்திரசிகிச்சைக்குப் போனாலும், மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியரிடம் உங்களுக்குக் குறட்டை உண்டு, மூச்சு நிற்பதுண்டு என்று சொல்ல மறக்காதீர்கள். மயக்கமும் வலி நிவாரணிகளும் அந்த நேரத்தில் மூச்சை மேலும் பாதிக்கும். அந்த ஒரு வரி உங்கள் உயிரைக் காக்கலாம்.

சகோதரிகளே, எங்களில் பலர் தனியாகப் படுக்கிறோம். சிலருக்குக் கணவர் இல்லை. சிலருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். எங்கள் மூச்சு நிற்பதைக் கேட்க அறையில் ஒருவரும் இல்லை. அடுத்த முறை சங்கத்தின் சுற்றுலாவில் வகுப்புத் தோழிகள் ஒரே அறையில் தங்கும்போது அந்தக் காவலை ஒருவருக்கொருவர் செய்யுங்கள். தோழியின் மூச்சு நின்று திணறினால் கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்து, காலையில் அவருக்குத் தனியாக, மெதுவாகச் சொல்லுங்கள். மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டிச் சிரிக்க வேண்டாம். வைத்தியரிடம் அந்தப் பதிவு மிகவும் பயன்படும். தனியே இருப்பவர்கள் தங்கள் மூச்சைத் தாங்களே பதிவு செய்தும் கேட்கலாம்.

களைப்பைத் தாங்கிக்கொள்வது பெண்ணின் குணம் என்று எங்களுக்குப் பழக்கிவிட்டார்கள். நித்திரை கொண்டு எழும்பியும் தீராத களைப்பு குணம் அல்ல, அறிகுறி. அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், பரிசோதியுங்கள், உங்களுக்குப் பொருந்தும் சிகிச்சையைத் தொடர்ந்து செய்யுங்கள்.